அடுப்படித் தராசும் பி.பி. நோட்டும்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமாவுக்கு (என் மாமனார்) இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மெடிக்கல் செக்கப்பில் பி.பி. 146/92, கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 162. அத்தைக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. நானும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் சிக்கவில்லை. “உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, நடங்க” என்றார் டாக்டர். எதில் எவ்வளவு குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே நாங்களே அளந்து பார்த்தோம். அந்தக் கணக்குதான் இது.

தொடங்கும்போதே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தோம். நோயாளிக்கென்று தனிச் சட்டி கிடையாது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவருக்கு மட்டும் உப்பில்லாக் குழம்பு வைத்தோம். அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அத்தையிடம் கண்ணைக் காட்டி எங்கள் சட்டியிலிருந்து ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். அத்தையும் பாவம் பார்த்து ஊற்றிவிடுவார். ஒருவரைக் கட்டுப்படுத்திக்கொண்டு மற்ற நால்வரும் பழையபடி சாப்பிடுவது நடக்காத காரியம். அதோடு, அவர் வயதில் எனக்கு என்ன வரும் என்பதையும் இன்றைய சட்டிதானே தீர்மானிக்கிறது.

மாரடைப்பு பற்றி 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்குத் தலைமை தாங்கிய சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்து கனடாவில் வேலை பார்ப்பவர். முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பதே காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று அது காட்டியது. புகையிலை, கொழுப்பு, பி.பி., சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் போதாமை, உடல் அசையாமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் தெற்காசியப் பக்கத்து ஆட்களுக்கு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே முதல் மாரடைப்பு வந்துவிடுகிறது என்பதையும் அதே ஆய்வுக்குழு பின்னால் சொன்னது. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடுப்படியிலும் தெருவிலும் சரிசெய்யக்கூடியவை.

தராசு, டேப், நோட்டு

ஒவ்வொரு கிராமாகக் காட்டும் அடுப்படித் தராசு ஒன்று வாங்கினோம். ஆனால் ஒரு ஸ்பூன் உப்பை நேராக அதில் வைத்தால் எண் தடுமாறும். அதனால் பத்து ஸ்பூன் அளந்து கொட்டி மொத்த எடையைப் பத்தால் வகுத்தேன். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்பு 6 கிராம். அதே ஸ்பூனில் கல்லுப்பு 5 கிராமுக்கும் கீழே, ஏனென்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று. தூளுப்பையே ஸ்பூனில் குவித்து எடுத்தால் 9 கிராம்! உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 5 கிராமுக்குள்தான். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய தேசிய ஆய்வு சொல்கிறது.

பி.பி. மெஷின் வாங்கப் போகும் முன் தையல் டேப்பால் எல்லோருடைய மேல்கையையும் சுற்றி அளந்தோம். இது முக்கியம். கூடவே வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். வீட்டுக்காரர் கை 35 செ.மீ. சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் பி.பி. உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 42 செ.மீ. வரை போகும் அகலப் பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்கினோம். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாங்கிய மெஷினைக் கிளினிக்குக்கே கொண்டுபோய், அவர் கருவியில் ஒருமுறை, எங்கள் கருவியில் ஒருமுறை என்று எடுத்துப் பார்த்துக்கொண்டோம்.

அளக்கும் முறையில்தான் வீட்டில் முதல் சண்டை. காலையில் எழுந்து சிறுநீர் போய்விட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அளக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. கையை மேஜைமேல் வைத்தால் பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதற்கு மேல் கட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை எடுக்க வேண்டும். இதில் மாமாவால் முடியாதது அந்த ‘சும்மா’தான். பேப்பரில் வந்த அரசியல் செய்தியை அப்போதுதான் விளக்க ஆரம்பிப்பார்.

“மாமா, பேசாதீங்க. பேசினா ஏறும்.”

“நான் எங்கம்மா பேசுதேன், பதில்தானே சொல்லுதேன்.”

பேசினால் பத்துப் பாயிண்ட் வரைகூட ஏறும் என்பதை அவரை வைத்தே காட்டினோம். ஒருமுறை பேசவிட்டு, ஒருமுறை வாயை மூடச் சொல்லி, இரண்டு எண்ணையும் பி.பி. நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். அதற்குப் பிறகு அவரே மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது உயர் அழுத்தத்தின் எல்லை; வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 தான் எல்லை. ஒருநாள் ஏறியதற்காகப் பதறவும் வேண்டாம், ஒருநாள் இறங்கியதற்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் கேட்பது ஒரு வாரச் சராசரி.

உப்பு

உப்பள ஊரில் இருந்துகொண்டு உப்பைக் குறைக்கச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஊரைத் தாண்டினால் வெள்ளை வெள்ளையாக அம்பாரம். எங்கள் வீட்டில் உப்பு ஜாடியில் கை அளவுதான், ஸ்பூனே கிடையாது.

முதல் வேலையாக உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதினோம். யாரும் எதையும் குறைக்கவில்லை, வழக்கம்போலச் சமையல். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஐந்து பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 கிராம். இது அடுப்படிக் கணக்கு மட்டும்தான். ஊறுகாய், அப்பளம், மிக்சர், கடைச் சாப்பாடு எதுவும் இதில் சேரவில்லை. எல்லோரும் செய்து பார்க்கலாம், செலவில்லாத சோதனை: ஆளுக்கு 5 கிராம் என்றால் மாதத்துக்கு 150 கிராம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு, வேறு எந்த உப்பும் உள்ளே போகாவிட்டால்கூட, ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும்.

பிறகு அலமாரியிலிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் மேஜைமேல் அடுக்கினோம். லேபிளில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 1,000 மி.கி. சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. மகள் கால்குலேட்டரோடு உட்கார்ந்தாள். அப்பளத்தில் 100 கிராமுக்கு 1,700 மி.கி.க்கு மேல் சோடியம். அதில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறதல்லவா, அதுவும் சோடியம்தான். ஆளுக்கு மூன்று அப்பளம் நொறுக்கினால் முக்கால் கிராம் உப்பு. ஊறுகாய் ஒரு ஸ்பூனில் ஒரு கிராம். உப்பே தெரியாத பிரெட்டில்கூட ஒரு துண்டுக்குக் கால் கிராமுக்கு மேல். மகள் சாயங்காலம் செய்து சாப்பிடும் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் அரை நாள் உப்பு. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு, முட்டையும் காய்கறியும் சேர்த்துச் செய்கிறாள். நிறுத்தச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

எல்லோரையும் அதிரவைத்தது மாமாவின் மருந்து டப்பா. வயிறு மந்தமென்றால் தண்ணீரில் பொங்கவைத்துக் குடிக்கும் பொடி ஒன்று இருக்கிறதே, அது சோடியம் பைகார்பனேட். ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய 2 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லி அதற்குப் பதில் வேறு மாத்திரை வாங்கினோம்.

அளந்து முடித்ததும் முறையை மாற்றினோம். ஜாடி மேல் அலமாரிக்குப் போனது. காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் 18 கிராம் உப்பு எடை போட்டு வைத்துவிடுவேன். ஐந்து பேருக்கு, மூன்று வேளைக்கு, எல்லாப் பதார்த்தத்துக்கும் அதுதான். மிச்சம் 7 கிராம் பாக்கெட்டிலும் கடையிலும் வருவதற்கு. ஒரே நாளில் 18-க்கு இறங்கவில்லை. 35-ல் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தோம். நாக்கு பழக வாரக்கணக்கில் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது.

குறைக்கும்போது அடுப்படியில் தெரிந்துகொண்டவை சில. உப்பை மட்டும் குறைத்தால் புளியும் காரமும் துருத்திக்கொண்டு நிற்கும், குழம்பு ‘கடுக்’கென்று இருக்கும். எல்லோரும் சப்பென்று இருக்கும் என்றுதான் பயப்படுவார்கள், நிஜத்தில் நடப்பது இது. அதனால் மூன்றையும் சேர்த்தே இறக்க வேண்டும்: நெல்லிக்காய் அளவுப் புளி, வழக்கத்தில் முக்கால் பங்கு மிளகாய்ப்பொடி. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கூட்டினால் அந்த இடம் நிரம்பும். பொரியலுக்கு ஆரம்பத்தில் உப்புப் போடாமல் இறக்கும்போது தூவினால் பாதி உப்பே போதும், உப்பு மேலாக நிற்பதால் நாக்கு அதை முதலில் பிடிக்கிறது. சோறு வடிக்கையில் உப்பு போடுவதில்லை. மோர்ச்சோற்றுக்கு உப்புக்குப் பதிலாக இஞ்சியும் மாங்காய்த் துருவலும். ரசத்தில் மட்டும் கை வைக்கவில்லை. உப்புக் குறைந்த ரசம் ரசமில்லை என்பது என் தீர்ப்பு. அளவைக் குறைத்தோம், ஆளுக்கு ஒரு கரண்டி.

இட்லி மாவு தனிக் கதை. உப்பு மாவின் புளிப்பைக் கொஞ்சம் கட்டிவைக்கும். உப்பைப் பாதியாக்கியதும் எங்கள் ஊர் வெயிலுக்கு மாவு விடியுமுன்னே பொங்கி வழிந்து புளித்துவிட்டது. இப்போது ராத்திரி ஆட்டாமல் காலையில் ஆட்டி, சாயங்காலம் பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். ஊற்றுவதற்கு முன் அன்றைய மாவுக்கு மட்டும் உப்பு.

பக்கத்து வீட்டு அக்கா இந்துப்பு வாங்கச் சொன்னார்கள், பி.பி. ஏறாதாம். நிறம் ரோஸ், விலை பல மடங்கு, உள்ளே இருப்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடு. அதோடு நம் ஊர்ப் பாக்கெட் உப்பில் சேர்க்கும் அயோடினும் அதில் பெரும்பாலும் கிடையாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது வேறு வகை, அதில் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அது உண்மையாகவே வேலை செய்கிறது. சீனக் கிராமங்கள் 600-ல், ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. உப்பை மாற்றியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மாமாவின் மாத்திரை அந்த வகை. ஒரே சட்டி என்று வைத்துக்கொண்ட பிறகு வீட்டுக்கே அந்த உப்பு வேண்டாம் என்றாகிவிட்டது.

கருவாடு? அத்தை அதை விடமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, குழம்புக்கு வேறு உப்பே போடாமல், மாதத்தில் ஒரு நாள். அன்றைக்குக் கிண்ணம் கிடையாது.

எண்ணெய்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஒருநாள் தட்டுக் கணக்கில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். மாதத்துக்குத் தலைக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கீழே என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கடலெண்ணெய், நல்லெண்ணெய், ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் எல்லாம் கூட்டினால் மாதம் ஏழு லிட்டர். நாலரைக்குள் நிற்க வேண்டியது.

தாளிக்கும்போது கேனிலிருந்து நேராகச் சாய்ப்பதை நிறுத்தினோம். அதிலேயே ஒரு லிட்டர் குறைந்துவிட்டது. பலகாரச் சட்டியை மாதத்தில் இரண்டு நாளுக்குத் தள்ளிவைத்தோம். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பதில்லை, மறுநாள் தாளிப்பில் தீர்த்துவிடுவோம். இதற்காகவே பொரிக்கும்போது சின்ன இருப்புச் சட்டியில் கொஞ்சமாக ஊற்றுகிறேன். செக்கெண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்றொரு நம்பிக்கை எங்கள் தெருவில் உண்டு. செக்கானாலும் மில்லானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். வாசனைக்காக நானும் செக்கு நல்லெண்ணெய்தான் வாங்குகிறேன், அது வேறு விஷயம்.

எல்.டி.எல்.லை ஏற்றுவதில் நிறைகொழுப்புக்கு (சாச்சுரேட்டட் ஃபேட்) முக்கியப் பங்கு. தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்கு எண்பதுக்கு மேல், நெய்யில் அறுபதுக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள். பாமாயிலை அடியோடு விட்டோம். தேங்காயில்தான் தகராறு. எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைக்காத குழம்பைக் குழம்பு என்று சொல்ல மாட்டார்கள். ஒரு மூடி அரைத்த இடத்தில் அரை மூடியும், மீதிக்கு ஒரு பிடி பொட்டுக்கடலையும் அரைத்தேன். சட்னியில் யாருக்கும் தெரியவில்லை. மீன்குழம்பில் அத்தைக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

“என்னட்டி இது, குழம்புல மாவு கரைச்சி ஊத்துனியா?”

மீன்குழம்புக்குப் பொட்டுக்கடலையை நிறுத்திவிட்டு, தக்காளியும் வெங்காயமும் வதக்கி அரைத்துக் கெட்டியாக்கினேன். அது செல்லுபடியானது. சொதியில் எந்த வித்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தேங்காய்ப் பால் இல்லாத சொதி எதற்கு? விசேஷத்துக்கு வைப்போம், அன்றைக்கு முறையாக வைப்போம்.

தட்டு

மீனுக்கு நமக்குப் பஞ்சமில்லை. வாரம் இரண்டு நாள் சாளை அல்லது கானாங்கெளுத்தி, இதயத்துக்கு நல்லதென்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு இந்த மலிவு மீன்களில்தான் நிறைய. சீலாவுக்குக் கொடுக்கும் காசில் மூன்று நாள் சாளை வாங்கலாம். குழம்புதான், அல்லது தோசைக்கல்லில் வாழையிலையில் வைத்துச் சுட்டது.

காய்கறிதான் மலைக்க வைத்தது. அதே தட்டுக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய், அதாவது எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோ! நாங்கள் சமைத்துக்கொண்டிருந்தது 700 கிராம். இப்போது ஒரு கிலோ 200 வரை வந்திருக்கிறோம். அதற்கு மேல் காசும் கையும் ஓடவில்லை. புடலை, சுரை, பூசணி என்று விலை குறைந்த நீர்க்காய்களைக் கூட்டாக வைத்தால் எடை ஏறுகிறது. முருங்கைக்கீரை மரத்தில் இருக்கிறது, உருவ ஆள்தான் வேண்டும். அந்த வேலையை மாமா எடுத்துக்கொண்டார்.

பரிமாறும் வரிசையை மாற்றியது பெரிய உதவி. முதலில் கூட்டும் பொரியலும் தட்டில் விழும், அதைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் சோறு. மத்தியானத்துக்குப் போடும் அரிசி 750 கிராமிலிருந்து 600-க்குத் தானாக இறங்கிவிட்டது. யாரும் பட்டினி கிடக்கவில்லை. நாலு மணிக்கு மிக்சருக்குப் பதில் சுண்டல். தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை என்று மாற்றி மாற்றி. சிறுதானியம் பற்றிக் கேட்பார்கள். வைக்கிறோம், வாரம் மூன்று இரவு. ஆனால் பளபளவென்று தீட்டிய சாமைக்கும் வெள்ளரிசிக்கும் நார்ச்சத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். தவிடு நீக்காததாகக் கேட்டு வாங்க வேண்டும், வேக நேரம் பிடிக்கும்.

எங்கள் ஊரில் பரோட்டாக் கடைக்குப் பெயர் நைட் கிளப். வெளியூர்க்காரர்கள் கேட்டுத் திகைப்பார்கள். வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று இரவு அங்கேதான் சாப்பாடு. அதை ஒரு இரவாக்கியது என் பேச்சு இல்லை, நோட்டுதான். பரோட்டாவும் கேட்கக் கேட்க ஊற்றும் சால்னாவும் உள்ளே போன மறுநாள் காலை பி.பி. எவ்வளவு என்று அவரே பார்த்துக்கொண்டார்.

நடையும் மற்றதும்

வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஷிப்டுக்காரருக்குத் தினமும் ஒரே நேரம் அமையாது. அதனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தோம். மாமா டாக்டரிடம் கேட்டு, மாலையில் கடற்கரைச் சாலையில் சமதளமாக நடக்கிறார், பையில் அவசர மாத்திரையோடு. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையை 2023-ல் அரசு குறித்துவைத்தது. எட்டும் நடக்க வேண்டியதில்லை, கூட்டமாக நாலு பேர் நடக்கிற இடம் என்பதே போதும், வீட்டுக்குத் திரும்ப மனம் வராது.

அத்தையின் புகையிலை கடினமான அத்தியாயம். வெற்றிலையோடு சேர்த்து மென்றாலும் புகையிலை இதயத்துக்குக் கெடுதல்தான், இன்டர்ஹார்ட் அதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. 1800 112 356 என்ற இலவசத் தேசிய எண்ணுக்கு மகள் போன் போட்டுக் கொடுத்தாள், அவர்களே வாரம் ஒருமுறை திரும்பக் கூப்பிட்டுப் பேசினார்கள். இப்போது வெற்றிலையும் பாக்கும் மட்டும். பாக்கும் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக.

தூக்கத்தில் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டோம், அவ்வளவுதான்.

நோட்டில் இருப்பது

வீட்டுக்காரரின் காலைச் சராசரி, தொடங்கிய வாரத்தில் 139/88. நாலாம் மாதம் 129/82. எடையும் நாலு கிலோ இறங்கியதால் இதில் உப்பின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. எல்.டி.எல். 162-லிருந்து 141. டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல மாற்றம், ஆனால் அப்பாவுக்கு இதய நோய் இருப்பதால் இது போதாது என்று கொழுப்பு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். இவருக்கு வருத்தம். இவ்வளவு பாடுபட்டும் மாத்திரையா என்று. சாப்பாட்டால் ஓரளவுதான் இறங்கும், மிச்சம் கல்லீரல் தயாரிப்பது என்று டாக்டர் விளக்கினார். தினமும் போட்டுக்கொள்கிறார்.

மாமா விஷயத்தில் எதிர்பாராத திருப்பம். சித்திரை வெயிலில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றார். உட்கார்ந்து எடுத்தால் 104/62. நோட்டோடு அன்றைக்கே டாக்டரிடம் போனோம். உப்பு குறைந்திருக்கிறது, வியர்வை அதிகம், மாத்திரை மட்டும் பழைய அளவு. ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் உப்பைக் குறைக்கத் தொடங்கினால் அளந்துகொண்டே குறையுங்கள், மாத்திரையின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறோம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வாயு என்று பொங்கும் பொடியைக் கரைக்கக் கூடாது, 108. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம் என்பதை அத்தைக்காகச் சேர்த்தோம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதலுதவி மாத்திரைகள் 14, ஒரே வேளைக்கு, 2023-லிருந்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. பார்த்துவிட்டு அவர்கள் கொடுப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த நேரம் வீணாகாது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஊறுகாய்ச் சோதனை. ஜாடி ஊறுகாயில் உப்பைக் குறைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதில் உப்புதானே காவல். அதனால் அந்த வேலையே வேண்டாமென்று, மாங்காயைப் பொடியாக நறுக்கி, ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராம் உப்பு, மிளகாய்ப்பொடி, வறுத்துப் பொடித்த வெந்தயம், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ச்சிக் கடுகு தாளித்து ஊற்றி, ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுகிறோம். மாங்காய்க் காலம் முடிந்ததும் நெல்லிக்காயில் பார்க்க வேண்டும். மோர்மிளகாய்க்கு மட்டும் இன்னும் வழி அகப்படவில்லை. உப்புக் குறைத்துப் போட்டால் காயுமுன்னே நாறிவிடுகிறது. வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அத்தை காத்திருக்கிறார்கள்.